அரை மில்லிமீட்டர்

காலையில் வேலை செய்யும்.
அதுதான் தொல்லையே.
எட்டு மணிக்குக் கூத்தாநல்லூர் தாண்டும்போது
மூக்கு நுனி சில்லென்றிருக்கும்.
பதினொன்றரைக்கு
சாமியப்பன் வகையறா வயலில் டேப் இழுத்துவிட்டு வந்து
சாவியைத் திருகினால்
ஏசி விளக்கு மட்டும் பச்சையாக எரியும்.
காற்று, கல்யாண வீட்டு வெந்நீர் அண்டா.

சர்வேயருக்குக் கோடைதான் சீசன்.
அறுப்பு முடிந்து, உளுந்தும் எடுத்து,
மேட்டூர் திறக்கும்வரை
வயல் வாய்பிளந்து கிடக்கும்.
பக்கத்து வரப்பு அரை அடி நகர்ந்தது
அப்போதுதான் கண்ணில் படும் எல்லோருக்கும்.

மன்னார்குடியில் ஒருவர் கேஸ் இல்லை என்றார்.
நிரப்பினார். ஆயிரத்து எண்ணூறு.
மறுநாள் மதியம் அதே அண்டா.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்த நேரத்தில்
ஒருவர் ரிலேதான் என்று சொல்லி
ஹாரன் ரிலேயை இங்கேயும்
இதை அங்கேயும் மாற்றிப் போட்டார்.
ஹாரன் அலறியது.
கேட்டில் நின்ற அத்தனை பேரும்
என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
ரிலே நல்ல ரிலே.

மூன்றாமவர் கம்ப்ரசரே போச்சு என்றார்,
முப்பதாயிரம்.
அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.

அமானுல்லா குவைத்தில் பதினோரு வருஷம்
ஊர்க்காரர்களின் கார்களைக் குளிர்வித்தவர்.
வெண்ணாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
தகரக் கொட்டகை, ஒரு மின்விசிறி,
அதுவும் கம்ப்ரசர் பக்கம் திரும்பியிருந்தது.
காலையில் போனேன்.
"இப்ப வேணாம் மேடம். கெட்டதும் வாங்க."

ஒன்றே காலுக்குக் கெட்டதும் போனேன்.

இன்ஜின் ஓட, குனிந்து, வயரில் மீட்டரை வைத்தார்.
பதிமூன்று புள்ளி ஆறு.
"கரண்ட் கடைமடை வரைக்கும் வந்துடுச்சு.
வாய்க்காலைக் குத்தம் சொல்ல முடியாது."

புல்லி சுற்றிக்கொண்டிருந்தது.
அதன் முகத்துக்கு நேரே ஒரு தட்டு
எனக்கென்ன என்று நின்றது.
சுத்தியல் காம்பை அதன்மேல் வைத்து,
"விரலைக் கொண்டு வராதீங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டு,
லேசாக,
மாட்டை நகரச் சொல்வதுபோல,
தள்ளினார்.

டக்.

இன்ஜின் ஒரு கணம் குரல் இறங்கி
சுமையை வாங்கிக்கொண்டது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அலுமினியக் குழாயில் வியர்வை துளிர்த்தது.

"காந்தம் இருக்கு. சூடேறினா அதுக்கு பலம் போயிடுது.
தட்டும் தேஞ்சு தள்ளி நிக்குது.
எட்டல. அவ்வளவுதான்."

அணைத்துவிட்டு, ஆறவிட்டு,
இடுக்கில் ஒரு தகட்டை நுழைத்துப் பார்த்தார்.
முக்காலுக்கு மேலே. அரைக்குள் இருக்க வேண்டுமாம்.
மில்லிமீட்டரில்.

லிங்க், சென்ட், ஏர் இவைதான் நான் பிழைக்கும் கணக்கு.
நாலு லிங்குக்காக
அண்ணன் சாவுக்குப் போகாதவரைத் தெரியும்.
அவர் கையெழுத்து என் ரிஜிஸ்டரில் இருக்கிறது.

ஒரு போல்ட். தட்டு கையோடு வந்தது.
தண்டில் இரண்டு வாஷர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன,
மீன் செதில் கனம்.
ஒன்றை எடுத்தார். மற்றதை விட்டார்.
மூடினார்.

"முந்நூறு குடுங்க."
பில் கேட்டேன், பழக்க தோஷம்.
"புதுசா ஒண்ணும் போடலையே மேடம்.
எடுத்ததுக்கு என்னன்னு எழுத?"

மறுநாள் பன்னிரண்டரை.
அதே வயல், அதே இரண்டு கட்சி.
கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியே வாய்கள் அசைந்தன,
ஒரு துண்டு உதறப்பட்டது,
யாரோ யாருடைய தாயையோ இழுத்தார்கள் என்று
உதட்டிலேயே தெரிந்தது.
உள்ளே, டக் என்று பிடித்தது,
கொஞ்சநேரம் ஓடி விட்டது,
மறுபடி பிடித்தது.
இவ்வளவு நாள் இந்தச் சத்தம் இருந்ததே தெரியாது,
நின்றபிறகுதான் தெரிந்தது.

சின்னவர் மகன் கண்ணாடியைத் தட்டினான்.
"மேடம், டேப்போட அந்த முனையை
அவங்க ஆளு பிடிச்சா நாங்க ஒத்துக்க மாட்டோம்."
அந்தப் பக்கமும் அதையே சொல்கிறார்களாம்.

செயினைப் பிடிக்கும் மெனியல் ஆசாமி இன்று லீவு.

ஏசியை அணைத்தேன்.
தொப்பியைத் தேடினேன்.