பின்பக்கம்

குட்டாயிசி நகரக் குடிநீர் வாரியம்,
இரண்டாம் மாடி, ஆறு தெரியாத பக்கம்.
அங்கேதான் நிற்கிறது அச்சுப்பொறி,
வாசலை அடைத்துக்கொண்ட மாடு மாதிரி.

ஜனவரியில் இயக்குநர் கூப்பிட்டார்.
"ஒதார், தாளுக்கும் மைக்கும் போகிற காசில்
புதிதாய் ஒரு பம்பு வாங்கலாம்."
வாங்கப் போவதில்லை என்று
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கறுப்பைச் சாம்பலாக்கினேன்.
எழுத்தைப் பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறக்கினேன்.
எங்கள் எழுத்துகள் உருண்டை உருண்டையாய்த்
திராட்சைக் குலை போல இருப்பவை;
ஒன்பதில் உலர்ந்து போயின.
ஆளுக்கொரு எண் கொடுத்தேன், அழுத்தினால்தான் தாள் வரும்.
குராம் மகளின் வீட்டுப்பாடம் அன்றோடு நின்றது.
கால்பந்து அட்டவணை நின்றது.
யாருடையதென்று கடைசிவரை தெரியாத
வால்நட் சாந்துச் செய்முறையும் நின்றது.
எல்லாவற்றுக்கும் மேலே,
எதை அச்சிட்டாலும் இனி இருபக்கம்.

பிப்ரவரி முடிவில் மிச்சம்
நானூற்றுப் பன்னிரண்டு லரி.
அதை நிரூபிக்க ஓர் அறிக்கை:
நான்கு தாள், வண்ணத்தில், ஆறு பிரதி.
யாரும் சிரிக்கவில்லை.
நான்கூட.

ஒரு பெயர் மட்டும் இறங்க மறுத்தது.
லம்சிரா, நிலுவைப் பிரிவு.
ஆயிரத்து நூற்றெட்டுத் தாள்,
அத்தனையும் ஒற்றைப் பக்கம்.
இருபக்க அச்சை நிறுத்தும் பொத்தானை
எப்படியோ கண்டுபிடித்திருந்தாள்.
அதைப் பூட்டினேன்.
சொல்லிவிட்டுத்தான் பூட்டினேன்.
"சரி" என்றாள், கண்ணாடியைத் துடைத்தபடி.

மார்ச்சில் அவள் கணக்கு பாதியானது.
துண்டிப்பு அறிவிப்பின் முதுகில்
சட்ட விதிகள் பதினான்கும் ஏறிக்கொண்டன.
ஏப்ரலில் துண்டிப்புகள் இருமடங்கு.
ஆட்கள் கூடத்தில் நின்று கத்தினார்கள்.
ஒருத்தி வெறும் வாளியோடு வந்து
வெறும் வாளியோடு உட்கார்ந்திருந்தாள், மாலை வரை.

லம்சிரா இழுப்பறையைத் திறந்து
ஒரு கட்டை என் முன்னால் போட்டாள்.
போன வருஷத்து அறிவிப்புகள்.
"திருப்பிப் பார்."

"மீட்டர் என்னுடையதில்லை, மாடிக்காரருடையது."
"மகன் போலந்திலிருந்து ஐந்தாம் தேதி அனுப்புவான்,
ஆறாம் தேதி வாருங்கள்."
"கணவர் இறந்துவிட்டார். பெயர் மாற்ற
என்னென்ன கொண்டுவர வேண்டும்?"
ஒன்றில் படம் மட்டும்:
வேலி, ஆப்பிள் மரம், குழாய் வெடித்த இடத்துக்கு ஓர் அம்பு,
பக்கத்தில் ஒரு நாய்,
நாயின் கீழே: "கடிக்காது."

"பதில் எழுத யாரும் தாள் வாங்கப் போவதில்லை" என்றாள்.
"இது கையில் இருக்கிறது. இதில் எழுதுகிறார்கள்.
எழுதி அந்தப் பெட்டியில் போடுகிறார்கள்.
நான் துண்டிப்பை நிறுத்திவைக்கிறேன்."

அடியில் மார்ச் மாதத் தாள் ஒன்று.
யாரோ ஒருவர் விடாப்பிடியாக
விதிகளின் இடுக்குகளில் எழுதியிருந்தார்.
ஒன்பதாம் விதிக்கும் பத்தாம் விதிக்கும் நடுவே
ஒரு சொல் புரிந்தது: "குழந்தை."
மற்றதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
முடியவில்லை.
"வாசிக்க இயலாதது" என்று முத்திரை குத்தியிருந்தது.
முத்திரைக்கு மட்டும் மை தாராளம்.

ஒரு தாள் ஐந்து தெத்ரி.
ஆளை அனுப்பிக் குழாயை அடைத்து,
மறுபடி அனுப்பித் திறந்துவிட நாற்பது லரி.
மூன்றாம் வகுப்புக் கணக்கு.
ஜனவரியில் நான் அதைப் போடவில்லை,
அந்தக் கட்டம் என் படிவத்தில் இல்லை.

அன்றே பூட்டைக் கழற்றினேன்.
எழுத்தையும் பன்னிரண்டுக்கு ஏற்றினேன்.
வண்ண அறிக்கையை விட்டுவிட்டு
மே மாதத்துக்கு ஒரே தாள், ஒரே பிரதி.

மாலையில் அது என் மேசைக்குத் திரும்பி வந்தது.
பின்பக்கத்தின் மூலையில்
இயக்குநரின் பென்சில்:
"மிச்சம் குறைந்துவிட்டதே, ஏன்?"

கீழே நிறைய இடம் இருந்தது.
பேனாவை எடுத்தேன்.