டாக்டர் சொல்லுவாங்க

ஜெபக்கனி சீட்டுக்கட்டை
கையுறைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பாள்.
மாமனார் பாஸ்டர். தெரிந்தால்
அடுத்த ஞாயிற்றுப் பிரசங்கமே இவள்தான்.

இரவு இரண்டு மணி, வண்ணார்பேட்டை.
கம்ப்யூட்டர் வந்தபின் யாரும் தொடாத
பழைய எக்ஸ்ரே விளக்குப்பெட்டியை மேசையில் கிடத்தி
சுவிட்சைப் போட்டோம். அதன்மேல் சீட்டுகள்.
அட்டை. ஒளி ஊடுருவவில்லை.
"மனசுல ஒண்ண நெனச்சுக்கோ. எங்கிட்டச் சொல்லாத."
நினைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது இடி விழுந்த கோபுரம்.
இரண்டு பேர் தலைகுப்புற விழுகிறார்கள்.
ஜெபக்கனி உதட்டைக் கடித்தாள்.
எனக்குக் கோயில் ஞாபகம் வரவில்லை.
பேட்டை வீட்டில், அப்பா இருக்கும்போதே தொடங்கி
பதினோராம் படியோடு நின்றுபோன மாடிப்படி.
மேலே மாடி கிடையாது, வானம்தான்.
யார் பணம், யார் பங்கு என்று
அண்ணனும் நானும் தெருவே கேட்கக் கத்தியது
அந்தப் படியில் நின்றுதான்.
ஏழு வருடம். கம்பிகள் துருவேறி
இன்னும் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது தலைகீழாக வந்தது.
நிலா. அதைப் பார்த்துக் குரைக்கும் இரண்டு நாய்.
என் கை தன்னால் அதை நேராக்கிவிட்டது.
"ஏட்டி, திருப்பாத! தலகீழா வந்தா வேற அர்த்தம்."
பதினான்கு வருடப் பழக்கம்.
இடம் வலம் மாறாமல் பார்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளமே.
மறுபடி கவிழ்த்து வைத்தேன். இப்போது
குளம் மேலே இருந்தது.
அதிலிருந்து ஒரு நண்டு
நிலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.
"மறைஞ்சு கெடந்தது வெளிய வரும்."
வந்தாயிற்று ஜெபக்கனி,
போன செவ்வாய், பதினொரு மணிக்கு.

டோக்கன் நாற்பத்திரண்டு. முப்பிடாதி. வயது ஐம்பத்து மூன்று.
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினான்.
இரண்டு பேருமே பார்த்தோம்.
தோளைப் பிடித்துப் பலகையோடு சேர்த்தேன்,
தாடையை நிமிர்த்தினேன்,
எல்லோருக்கும் செய்வதுபோல.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
"மூச்ச இழுங்க.
பிடிங்க."
ஏழு வருடம் கழித்து
கூடப்பிறந்தவனிடம் பேசியது.
திரையில், வலது நுரையீரலின் உச்சியில்,
சுற்றிலும் கால் விரித்த ஒரு நிழல்.
"ஏதும் இருக்கா?" என்றான், சுவரைப் பார்த்து.
"டாக்டர் சொல்லுவாங்க."
விதி அது. படம் எடுப்பவள் படம் வாசிக்கக் கூடாது.
ரிப்போர்ட் வாங்க அவன் திரும்ப வரவில்லை.
உறை இன்னும் ரேக்கில், மூன்றாம் தட்டில்.

மூன்றாவது சீட்டில் கறுப்பு அங்கி போட்ட ஒருத்தன்.
நாங்கள் போடும் ஈய அங்கி போலவே
அது அவன் தோளைக் கீழே இழுக்கிறது.
காலடியில் கொட்டிக் கிடக்கும் மூன்று கோப்பை.
"பின்னால ரெண்டு கவுறாம நிக்கு பாரு.
யாரும் அத எண்ண மாட்டாங்க."
நான் பார்த்தது கோப்பையை இல்லை.
ஓர் ஆறு. மேலே பாலம். அக்கரையில் ஒரு வீடு.
வரைந்தவர் எந்தச் சீமையோ!
ஜன்னலைத் திறந்தால் அதே பாலம்,
மஞ்சள் விளக்கில் காலி லாரி ஒன்று,
அடியில் இருக்கிற தண்ணீரோடு தாமிரபரணி.

"கடைசியா ஒண்ணு எடு. முடிவு அதுலதான்."
எடுத்தேன். பெங்களூர்க் கடை விளம்பரம்,
விலைச்சீட்டு ஒட்டியது.
"இது கணக்குல சேராது, வேற எடு."
ஜெபக்கனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.
கண் துடைக்க வேண்டியிருந்தது.

நான் நினைத்துக்கொண்டது
என்ன நடக்கும் என்று இல்லை.
அன்றைக்கு அந்த மூன்றாவது சொல்லைச்
சொன்னேனா, விட்டேனா?
எப்படி யோசித்தாலும்
நெஞ்சை நிமிர்த்தி அங்கேயே நிற்கிறான்.

ஐந்தரைக்குப் பேட்டை பஸ்.
உறையைப் பைக்குள் வைத்தேன், பிரிக்கவில்லை.
டாக்டரிடம் நானே கூட்டிப்போகலாம்,
அது அவர் சொல்ல வேண்டியது.
என் பங்குக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.
பாலம் தாண்டும்வரை
வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.
விடுண்ணே.
மூச்ச விடு.