இடமா வலமா

நாற்பதில் இல்லை.
ஐம்பதைத் தொட்டதும் வருகிறது,
உளுந்து வழித்தெடுத்த பின்னும்
அணைக்க மறந்த கிரைண்டர்போல.

வண்டி எண்பத்தொன்பதாம் வருஷத்து டைனா.
ஜப்பானில் மீன் சுமந்தது,
இப்போது மோல்மேனிலிருந்து பெகுவுக்கு
ரப்பர் ஷீட் சுமக்கிறது.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
இந்த நாட்டில் ஓட்டுவதும் வலப்பக்கம்.
ஆகவே என் ஜன்னலில் ஓரத்துப் புல்தான்.
எதிரே வரும் பஸ்
இடப்பக்கம் இருக்கும் வைரவனுக்குத்தான் முதலில் தெரியும்
(அடையாள அட்டையில் அவன் ஜோ லின்).
"போங்க" என்றால் முந்துவேன்.
அவன் கண்ணை அவ்வளவு நம்புகிறேன்.
காதை இல்லை.

"உன் பக்கம்தான்டா சத்தம்."
"உங்க பக்கம்ணே."
தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் தொடங்கிய வழக்கு.
மழை பிடித்தது, மழை விட்டது,
தீர்ப்பு வரவில்லை.
அவன் ரேடியோவைக் கூட்டினான்.
நான் குரலைக் கூட்டினேன்.

இன்று தட்டோனுக்கு முந்தைய வளைவுகளில்
ரேடியோவை அணைக்கச் சொன்னேன்.
வலப்பக்கம் ஒடித்தேன்:
பாரம் இடப்பக்கம் சாய, உறுமல் ஏறியது.
இடப்பக்கம் ஒடித்தேன்:
தொண்டை அடைத்தாற்போல் இறங்கியது.
பார்த்தாயா, என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான்.
"பிரேக்கை லேசாத் தொடுங்க."
தொட்டேன்.
உறுமல் இருந்தபடி இருந்தது.
ஆனால் அதன் முதுகில் இத்தனை நாளாய்
ஏறி வந்த ஒரு மூஞ்சூறுக் கீச்சு
சட்டென்று நின்றது.
காலை எடுத்தேன், வந்தது.
ஒன்றில்லை.
இரண்டு.

டயர் கடை மா சோ வின்
வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
ஜாக்கி இரவல் தந்தாள்.
இடது முன்சக்கரத்தைத் தூக்கி,
மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன்.
டொக்.
ஆடுகிற பல்லை நாக்கு தேடிப்போவதுபோல
மறுபடி, டொக்.
வைரவனை பிரேக் மிதிக்கச் சொன்னேன்.
ஆட்டம் நின்றது.
பேரிங்தான், வேறெதுவுமில்லை.
ஸ்பிரிங் பட்டையில் உள்ளங்கையை வைத்துச்
சக்கரத்தைச் சுழற்றினால்
மணலை மென்றது.

கழற்றினோம்.
கிரீஸ், ஆட்டிய எள்போலக் கருத்திருந்தது.
உருளைகள் சூட்டில் மயில்கழுத்து நிறம்.
வளையத்தின் உள்ளே அம்மைத் தழும்பு.

பிறகு நியாயத்துக்காக
வலது சக்கரத்தையும் கழற்றினோம்.
பிரேக் பேட் ஒரு பக்கம் பிஸ்கட் கனம்,
மறுபக்கம் தகடு.
துருப்பிடித்த பின் ஒன்று நகராமல்
டிஸ்க்கை உரசிக்கொண்டே ஊர்ஊராய் வந்திருக்கிறது.
என் காலுக்குக் கீழே.
அவரவர் பக்கத்தில் ஒன்றுமில்லை என்றே
இருவரும் சத்தியம் செய்திருந்தோம்.

கடைத்தெருவில் பேரிங் இரண்டு விலை:
டப்பாவோடு ஒன்று, டப்பா இல்லாமல் ஒன்று.
டப்பாவில் கம்பெனி பெயரே எழுத்துப்பிழை.
டப்பா இல்லாததை வாங்கினேன்.
கிரீஸை விரலால் ஊட்டி,
நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றி,
கொஞ்சம் தளர்த்தி, பின்னை மடக்கும்போது
பொழுது சாய்ந்துவிட்டது.
பெகுவிலிருந்து முதலாளி நாலு தடவை கூப்பிட்டிருந்தார்.

சித்தாங் பாலம்வரை
ஐம்பது. அறுபது.
டயர் தாரை நக்கும் சத்தம் மட்டும்.
பின்னால் ரப்பர் ஷீட்டைக் கட்டிய கயிறு
முனகுவதுகூடக் கேட்டது.
பழக்கத்தில் கத்தினேன்:
"டீ குடிப்போமாடா!"

வைரவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.
ஏதோ உடைத்துவிட்ட பிள்ளையின் முகம்.
எட்டு மாதமாக
இந்தக் குரலிலா பேசிக்கொண்டிருந்தேன்?

முன்னால் ஒரு மூங்கில் லாரி ஊர்ந்தது.
நான் ஸ்டியரிங்கைத் தொட்டதும்
"இருங்கண்ணே, பஸ் வருது" என்றான்,
மெல்ல.
கேட்டது.