சொந்தப் பாவனைக்கு

கல் வந்தது கார்த்திகையில்,
முகத்துவாரம் உடைத்துக்கொண்ட கிழமை.
ஆழத்தில் கப்பல் நிற்க
இரண்டு தோணியைப் பிணைத்து
உதுமாலெவ்வையின் ஆட்கள்
மழையோடு மழையாகப் புளியந்தீவில் இறக்கினார்கள்.

பட்டியலில் ஒரே வரி:
சலவைக்கல், செதுக்கியது, ஆறு அந்தர்.
தீர்வை நூற்றுக்குப் பதினைந்து.
பெறுநர்: கொன்சல் துரை, மட்டக்களப்பு.

கொன்சல் துரை காய்ச்சலில் போய்
ஏழு மாதம்.

இருந்த காலத்தில்
அவருக்கு வைன் வந்தது, பியானோ வந்தது,
நாய்க்குக் கழுத்துப்பட்டி வந்தது.
எல்லாவற்றிலும் 'விலக்கு' என்று
நான்தான் முத்திரை குத்தினேன்.
அதே மேசையில்
காத்தான்குடி மீராசாகிபு
நாலு குடைக்கு வாதாடித் தோற்றார்.

பெரிய கிராணி பல்தசார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"செத்தவன் உத்தியோகத்தனா, ஓய்?"
வர்த்தமானியைப் புரட்டினேன்.
'உத்தியோகத்தரின் சொந்தப் பாவனைக்கு
வருகின்ற பொருட்கள்' என்றிருந்தது.
சொந்தப் பாவனைதான்.
வேறு யாருக்கு உதவும்,
அவர் பெயர் வெட்டிய கல்?

கொழும்புக்கு எழுதினோம்.
பதில் வரும்வரை கல் கிட்டங்கியில் கிடந்தது.
ஆட்கள் அதில் சோற்றுப்பொதி அவிழ்த்தார்கள்.
யாரோ பாக்கு இடித்த இடத்தில்
ஒரு சிவப்பு, பிறகு போகவேயில்லை.
அனுப்பிய பெண்சாதி
கல் நட்டாயிற்றா என்று
இரண்டு கடிதம் போட்டிருந்தாள்.
அதற்குப் பதில் எழுத எங்களுக்கு அதிகாரமில்லை.

பங்குனியில் வந்தது உத்தரவு:
விலக்கு உண்டு.
ஆனால் பொருளை இந்தக் குடியேற்ற நாட்டுக்குள்
விற்கவோ கைமாற்றவோ
இரவல் கொடுக்கவோ கூடாது.
ஆண்டுக்கொருமுறை
சுங்கத்தார் நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும்.

பல்தசார் சிரித்துச் சிரித்து இருமினார்.
பிறகு கோப்பை என் பக்கம் தள்ளினார்.

அன்றிலிருந்து தை பிறந்தால்
சைக்கிளை எடுத்துக்கொண்டு சவக்காலைக்குப் போகிறேன்.
நண்டு தள்ளிய மண்ணைக் காலால் ஒதுக்குவேன்.
எனக்குத் தெரியாத பாஷை.
ஓர் எழுத்தின் தலையில் மட்டும் சின்ன வட்டம்,
அதற்குள் மழைத்தண்ணீர்.
பாக்குக் கறை அப்படியே.
ஒரு வருஷம் யாரோவுடைய ஆடு
கல்லில் முதுகு தேய்த்துக்கொண்டு நின்றது.
இரவல் என்று அதை எழுதவேண்டுமா என
வீடு வரும்வரை யோசித்தேன்.

எழுதியது இதுதான், எல்லா வருஷமும்:
'பொருள் உரியவரிடமே உள்ளது.
கைமாறவில்லை.
பாவனையில் இருக்கிறது.'

பன்னிரண்டு அறிக்கை.
பயணப்படி ஒருமுறையும் கேட்கவில்லை.