மொச்சை அளவு

மாக்சென் ஒன்றுக்குப் போகும் சத்தம் மாறியிருந்தது.
மூன்று நாளாய்க் காதில் விழுந்தும்
மழை என்று நினைத்துக்கொண்டேன்.
வேல்ஸில் எதையும் மழை என்று நினைத்துக்கொள்ளலாம்.

இளஞ்சூட்டு நீர் ஒரு வாளி. கையுறை. எண்ணெய் கொஞ்சம்.
சோப்பு வேண்டாம் என்றாள் கால்நடை டாக்டர்.
உள்ளே நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றனவாம்,
காலிசெய்யச் சொல்ல நான் யார்?

தோளை அவன் விலாவில் சாய்த்து,
உதைக்கிற கால் எட்டாத இடமாய் நின்று,
மணிக்கட்டு மறையக் கையை விட்டேன்.
உறையின் மடிப்புகளில் கறுப்பு மெழுகு,
பழைய சைக்கிள் சங்கிலி அழுக்கு மாதிரி,
புளித்த பால்கட்டி வாடையோடு.
நுனியில், சிறுநீர் வரும் வழியை ஒட்டிய குழியில்
மொச்சைக்கொட்டை அளவு ஒரு கல்.
பிதுக்கி எடுத்தேன்.
அவன் விட்ட பெருமூச்சில்
வயிறு என்னை ஓரடி தள்ளியது.

இரண்டு வயதில் அவனுக்குக் காயடிக்கச் சொன்னது நான்தான்.
தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு
காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வானொலி கேட்டேன்.
இப்போது பதினேழு வயது.
எடுக்கச் சொன்னவள்தான் மிச்சத்தைக் கழுவ வேண்டும்.
யாரும் எழுதிவைத்த சட்டமில்லை.

கழுவுவதாவது வருஷத்துக்கு ஒரு முறை.
தீனி, தினமும் சண்டை.
மீன் நிறுக்கும் தராசில் ஆறு கிலோ உலர்புல்,
ஒரு மணி நேரம் ஊறி
தேநீர் நிறத்தில் சர்க்கரை வடிந்தபின்
சப்பென்று அவன் முன்னால்.
முகர்கிறான். என்னைப் பார்க்கிறான். மறுபடி முகர்கிறான்,
ஓட்டலில் பில்லைச் சரிபார்க்கிறவன் போல.

கொள்ளென்றால் வாய் திறக்குமாம், கடிவாளமென்றால் மூடுமாம்.
இவன் கடிவாளத்துக்கும் திறக்கிறான்,
அதிலாவது ஏதாவது ஒட்டியிருக்காதா என்று.

ஏப்ரலில் குளம்பு சுட்டது.
புல்லில் ஏறிய சர்க்கரை காலில் இறங்கும்.
உறைபனிக் காலைகளில் இன்னும் மோசம்.
வாய்க்கூடு மாட்டினேன்.
ஒரு மாதமாகியும் வயிற்றுவாரில் ஒரு துளைகூட இறங்கவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன்,
வேலிக்கு அப்பால் இட்வால், ஓய்வுபெற்ற தபால்காரர்,
புதினா மிட்டாய்களை
வாய்க்கூட்டின் ஓட்டை வழியே ஒவ்வொன்றாகப்
போட்டுக்கொண்டிருந்தார்,
கடிதம் போடுகிற அதே நிதானத்தில்.

"எனக்கு டாக்டர் நிறுத்திவிட்டார்," என்றார்.
"ஒரு டப்பா முழுக்க வீணாகக் கூடாதே."

திட்ட வாயெடுத்தேன், வரவில்லை.
அவர் விரலைப் பிடித்து
மாக்சென் கணுக்காலின் பின்பக்கம் வைத்தேன்.
இங்கே துடிப்பு பலமாகத் தெரிந்தால்
உடனே என்னைக் கூப்பிட வேண்டும், தினமும் காலையில்.

நேற்று எட்டு மணிக்கு இருவரையும் பார்த்தேன்.
சேற்றில் குந்தியிருந்தார்,
ஒரு கை குதிரையின் காலில்,
மறு கையின் நாடியைக் கைக்கடிகாரத்தருகே
எப்படியோ தன் முகவாயால் அழுத்திக்கொண்டு.
மாக்சென் அவர் சட்டைப்பையை மோந்துகொண்டிருந்தான்.

பையில் ஒரு கேரட் நுனி.
வாங்கித் தராசில் தொங்கவிட்டேன்.
முள் அசையவில்லை.
சரி, என்றேன்.