சிரிப்பு என்றொரு பிழை

கண்ணாடிக் கவ்விக்குள்
ஒரு தேயிலை, பறிக்காமல் செடியிலேயே.
உள்ளே போகும் காற்றிலும்
வெளியே வரும் காற்றிலும்
கரியமில வாயு எவ்வளவு?
கழித்தால்
இலை தின்றது தெரியும்.

கோத்தகிரிச் சரிவில்
பத்து மணி வெயிலுக்குப் பதினொன்று.
பள்ளத்திலிருந்து மேகம் ஏறியதும்
எட்டு, ஐந்து, இரண்டரை.

காற்று போகும் பக்கமாய்
முகம் திருப்பி நிற்கிறேன்.
என் மூச்சும் கணக்கில் விழும்.

கொழுந்துப் பையோடு மிச்சி அக்கா
குனிந்து பார்த்தாள்.
"இலைக்குக் காய்ச்சலா?"
சிரித்தும்விட்டாள்,
கருவிக்கு நேராக.

எண் துள்ளியது.

10.42. பிழை.
காரணம் என்ற கட்டத்தில்
'சிரிப்பு' என்று எழுதினேன்.
ஆபீஸில் அடித்துவிடுவார்கள்.

அவள் அடுத்த நிரைக்குப் போன பிறகும்
எண் அடங்க
நான்கு நிமிடம் ஆனது.