இருவர் பெயரில்

பதினோரு மாதம் இழுத்தடித்து வந்த ரீஃபண்ட் காசோலையைக்
கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள் லொரேட்டா வுகோவிச்,
பியூட் நகரத்துப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
பூட்ஸிலிருந்து மார்ச் மாதப் பனி தரையில் உருகியது.
எண்ணூற்று நாற்பத்தோரு டாலர், பன்னிரண்டு சென்ட்.
மைலோ, லொரேட்டா என்று இரண்டு பெயர் அச்சில்.

"இரண்டு கையெழுத்தும் வேண்டும்" என்றேன்.
நவம்பரில் மைலோவின் பெட்டிக்கு
இடது முன்மூலையில் தோள் கொடுத்தவன் நான்.

சிரித்துவிட்டாள்.
"முதலில் சம்பளக் கணக்கு பொருந்தவில்லை என்றான்.
அப்புறம், நீ நீதானா என்று கேட்டான்.
ஃபோனில் இரண்டு மணி நேரம் பியானோ.
இப்போது நீ, அவனைக் கூட்டி வா என்கிறாய்."

திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு படிவம்,
இறப்புச் சான்றிதழின் நகல்.
எட்டு வாரமாம், அவர்கள் நாள்காட்டியில்.

சங்கிலி எட்டிய மட்டும் பேனாவை இழுத்து
காசோலையின் முதுகில் தன் பெயரை எழுதினாள்.
எழுதாதே என்று சொல்லியிருக்க வேண்டும்.
கீழே ஒரு வரி இடம் விட்டு நிறுத்தினாள்.

"ஹீட்டர்காரன் வியாழக்கிழமை வருகிறான்."
என்னிடம் சொல்லவில்லை அதை.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
படிவத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதினேன்,
அடியில் என் வீட்டு எண்ணையும்:
எங்கள் கேரேஜில் சின்ன ஹீட்டர் ஒன்று
சும்மாதான் கிடக்கிறது.